எல்ஸ்பெர்க் வீரர் என்றால் ஸ்னோடன் மட்டும் எட்டப்பனா?

இழையைத் தொடங்கிய வாசகர் – 18 ஜூன் 2023, ஞாயிறு

டேனியல் எல்ஸ்பெர்க் வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார், வயது 92. வியட்நாம் போர் ரகசியங்களை வெளியிட்டவர். எங்கே பார்த்தாலும் மாவீரன் என்று எழுதுகிறார்கள். அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியங்களை 2013-இல் வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் என்று வந்தால் மட்டும் துரோகியா இல்லையா என்று பட்டிமன்றம் நடக்கிறது. இரண்டு பேரும் செய்தது ஒன்றுதானே? என்னைக் கேட்டால் இரண்டு பேருமே துரோகிகள். கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிவிட்டு வீட்டு விஷயத்தை வெளியே சொன்னவன் எட்டப்பன். இங்கே சிங்கப்பூரில் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை செய்த எவரும் இதை ஒத்துக்கொள்வார்கள். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

18 ஜூன் 2023, இரவு

நானும் கையெழுத்துப் போட்டவன்தான். 1986, தேசிய சேவையில் சேர்ந்த முதல் வாரம். மொட்டைத் தலையோடு வரிசையில் நின்றபோது ஒரு படிவம் வந்தது. மேலே அதிகாரத்துவ ரகசியச் சட்டம் என்று போட்டிருந்தது. எனக்கு 18 வயது. படிக்க நேரம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. போட்டுவிட்டுப் பேனாவை அடுத்தவனிடம் கொடுத்தேன். அந்தக் கையெழுத்தை இன்றுவரை மதிக்கிறேன், முகாமில் பார்த்ததை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அப்படியிருந்தும் நீங்கள் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். துரோகம் என்றால் என்ன என்று அமெரிக்க அரசமைப்புச் சட்டமே சொல்லிவிடுகிறது. நாட்டின் மீது போர் தொடுக்க வேண்டும், அல்லது எதிரியோடு சேர்ந்து அவனுக்கு உதவ வேண்டும். அதையும் ஒரே செயலை நேரில் பார்த்த 2 சாட்சிகள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அவரே ஒத்துக்கொள்ள வேண்டும். ராஜாவுக்குப் பிடிக்காதவனையெல்லாம் துரோகி என்று சொல்லித் தலையை எடுத்த காலத்தை அறிந்தவர்கள் எழுதியது. அதனால்தான் இவ்வளவு இறுக்கம்.

2013 ஜூனில் ஸ்னோடன் மீது பதிவான குற்றச்சாட்டுகள் 3. அரசுச் சொத்தைத் திருடியது ஒன்று, 1917-ஆம் ஆண்டின் உளவுச் சட்டத்தின் கீழ் இரண்டு. துரோகம் அந்தப் பட்டியலில் இல்லை. எல்ஸ்பெர்க் மீதும் துரோக வழக்கு இல்லை, அதே உளவுச் சட்டம்தான். ஆனால் 1971-இல் அவரையும் துரோகி என்று சொன்னவர்கள் ஏராளம். அமெரிக்காவிலேயே மிக ஆபத்தான மனிதர் என்றார் அன்றைய அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர். எல்லாம் சேர்த்து 115 ஆண்டு சிறை வரை போயிருக்கலாம். வெள்ளை மாளிகை அனுப்பிய ஆட்கள் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தை உடைத்து உள்ளே போனது வெளியே வந்ததால் 1973 மே மாதம் நீதிபதி வழக்கையே தள்ளிவிட்டார். இன்றைக்கு அவர் வீரர் என்றால், இந்த 50 வருடத்தில் மாறியது அவர் அல்ல, பார்க்கிறவர்களின் கண்.

19 ஜூன் 2023

எட்டப்பன் என்ற சொல் ராத்திரி முழுக்க மனதில் ஓடியது.

கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. எட்டயபுரம் பாளையக்காரர் வெள்ளைக்காரன் பக்கம் நின்றது உண்மை. ஆனால் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்த பிறகு தப்பிப் போனவரைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். பிடித்துக் கொடுத்தவர் ஒருவர், பெயர் ஒட்டிக்கொண்டது இன்னொருவர் மேல். மேடை நாடகமும் சினிமாவும் சேர்ந்து அதை அழிக்க முடியாதபடி ஒட்டிவிட்டன. துரோகி என்று ஒருவரைச் சொல்வதற்கு முன்னால் எனக்கு இது ஞாபகம் வருகிறது.

அந்த எட்டயபுரத்தில் பிறந்தவர்தான் பாரதி. அவரும் 1908-இல் வெள்ளைக்காரனின் போலீஸுக்குத் தப்பிப் புதுச்சேரிக்குப் போய், பிரெஞ்சுக்காரன் மண்ணில் 10 வருடம் இருந்தார். அன்றைய வழக்குகளில் புழங்கிய சொல் ராஜத்துரோகம். கவனியுங்கள், தேசத்துரோகம் அல்ல. நம் மொழியில் இவை தனித்தனிச் சொற்களாகவே இருக்கின்றன. ராஜத்துரோகம், தேசத்துரோகம், நம்பிக்கைத் துரோகம். ஸ்னோடன் இதில் எதைச் செய்தார் என்று கேட்டால் பேச்சு தெளிவாகும். அரசுக்குக் கொடுத்த வாக்கை மீறினார், அதில் சந்தேகமே இல்லை. தேசத்தை விற்றாரா என்பது வேறு கேள்வி.

20 ஜூன் 2023

புதுக்கோட்டைக்காரர் ஒருவர் தனிமடலில் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். ஐயா, உங்கள் ஊரைச் சொல்லவில்லை, தொண்டைமானைச் சொன்னேன். எட்டயபுரத்துக்காரர்களுக்கு 200 வருடமாக இருக்கும் வலி உங்களுக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது, நான் சொல்ல வந்ததும் அதுதான்.

22 ஜூன் 2023

"அப்படி என்னதான் வெளியிட்டார்?" என்று ஜூரோங் தம்பி கேட்டதற்கு. பத்து வருடம் ஆகிவிட்டது, அப்போது நீங்கள் தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பீர்கள்.

2013 ஜூன் 5-ஆம் தேதி முதல் செய்தி வந்தது. வெரைசன் தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் யாரை எப்போது அழைத்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற பதிவை நாள்தோறும் என்எஸ்ஏ உளவு அமைப்பிடம் கொடுக்க வேண்டும் என்ற ரகசிய நீதிமன்ற உத்தரவு. குற்றவாளி, சந்தேக நபர் என்ற பேச்சே கிடையாது, எல்லாருடைய பதிவும். மறுநாள், இணைய நிறுவனங்களிடமிருந்து பயனர்களின் தகவலை எடுக்கும் பிரிசம் திட்டம் வெளியே வந்தது. கூகுள், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட், யாஹூ எல்லாம் அதில் இருந்தன. ஜூன் 9 அன்று ஹாங்காங்கில் ஒரு ஹோட்டல் அறையிலிருந்து, இதைச் செய்தது நான்தான் என்று முகத்தைக் காட்டினார். 29 வயது.

அதற்கு 3 மாதத்துக்கு முன்னால், மார்ச் 12 அன்று, அமெரிக்க உளவுத்துறைகளின் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் செனட்டர் ரான் வைடன் நேராகக் கேட்டார்: கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி என்எஸ்ஏ ஏதாவது தகவல் திரட்டுகிறதா? கிளாப்பர், "இல்லை ஐயா" என்றார், தெரிந்து திரட்டுவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். உளவுக் குழுவில் இருந்த வைடனுக்கு உண்மையான பதில் முன்பே தெரியும். ஆனால் அது ரகசியம், வெளியே சொன்னால் அவரே குற்றவாளி. நாட்டின் மன்றத்தில், மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, பொய் பதிவாகிறது. தெரிந்தவர் வாயைத் திறக்க முடியவில்லை.

2015 மே மாதம் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தத் தொலைபேசிப் பதிவுத் திட்டத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதை மாற்றிச் சட்டம் போட்டது. 2020-இல் இன்னொரு நீதிமன்றமும் சட்டவிரோதம் என்றது. அரசு சட்டத்தை மீறியதை வெளியே சொன்னவர், சட்டத்தை மீறித்தான் அதைச் சொல்ல முடிந்தது. எனக்குச் சிக்கலாகத் தெரிவது இந்த இடம்.

23 ஜூன் 2023

தெம்பனிஸ் அம்மா ஒருவர், "அது அமெரிக்காக்காரன் சண்டை, நமக்கென்ன?" என்கிறார்.

அம்மா, அந்த ஆவணங்களில் நாமும் இருந்தோம். 2013 மார்ச் மாதம் மட்டும் இந்தியாவிலிருந்து 630 கோடித் தகவல்களைத் திரட்டியதாக ஒரு கணக்கு அதில் வந்தது. ஈரான், பாகிஸ்தான், ஜோர்டான், எகிப்து, அதற்கு அடுத்து இந்தியா. அந்த வருடம் என் அம்மா திருவாரூரில் படுத்த படுக்கையாக இருந்தார், நான் தினம் ராத்திரி 9 மணிக்குக் கூப்பிடுவேன். மலச்சிக்கல், மருந்து, தங்கச்சி மேல் கோபம், இதுதான் பேச்சு. அதில் உளவு பார்க்க ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்வார்கள். ஒன்றும் இல்லாததுதான் எனக்கு முக்கியம். அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் உரியது.

சிங்கப்பூர் பெயரும் வந்தது. சீ-மீ-வீ 3 என்று ஐரோப்பாவையும் நம் வட்டாரத்தையும் இணைத்த கடலடிக் கேபிளை ஒட்டுக்கேட்க நம் உளவுத்துறை ஆஸ்திரேலியாவுக்கு உதவியதாக அந்த ஆவணங்களை வைத்துச் செய்தி வந்தது. 2013 நவம்பரில் மலேசியா நம் தூதரை அழைத்து விளக்கம் கேட்டது. அந்தக் கேபிள் இங்கே கரையேறிய இடம் துவாஸ். நான் 11 வருடம் வேலை பார்த்த கப்பல் பட்டறையும் துவாஸில்தான். தினம் லாரியில் அந்த வழியாகப் போயிருக்கிறேன்.

25 ஜூன் 2023

ஒரு திருத்தம். முதல் நாள் கேள்வியில் "இரண்டு பேரும் செய்தது ஒன்றுதானே" என்று இருந்ததை நான் மறுக்காமல் விட்டுவிட்டேன். ஒன்று அல்ல.

எல்ஸ்பெர்க்கிடம் இருந்தது 47 தொகுதி, 7,000 பக்கம். சமாதானப் பேச்சுவார்த்தை பற்றிய 4 தொகுதிகளை அவர் பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை. நடந்துகொண்டிருந்த பேச்சைக் கெடுக்கக் கூடாது என்று தடுத்து வைத்தார். அப்புறம் அவர் ஓடவில்லை. கொஞ்ச நாள் மறைந்திருந்துவிட்டு அவராகவே சரணடைந்தார்.

ஸ்னோடன் எடுத்தது அதைவிடப் பல மடங்கு. அத்தனையையும் அவர் ஒவ்வொன்றாகப் படித்திருக்க முடியுமா என்று எனக்கும் உறுத்தல் இருக்கிறது. அவராக எதையும் இணையத்தில் கொட்டவில்லை, செய்தியாளர்களிடம் கொடுத்து எதை வெளியிடலாம் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள் என்றார். அது அவர் பக்கத்தில் நிற்கும் பெரிய விஷயம். ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் 2011 செப்டம்பரில் இரண்டரை லட்சம் தூதரகத் தந்திகளைப் பெயர் எதையும் மறைக்காமல் விட்டதே, அதோடு இதைச் சேர்க்கக் கூடாது.

25 ஜூன் 2023, கொஞ்ச நேரம் கழித்து

"மேலதிகாரியிடம் முறையாகப் புகார் செய்திருக்கலாமே" என்று ஈசூன்காரர் கேட்டது நியாயமான கேள்வி. அப்படிப் போனவர் ஒருவர் இருக்கிறார். தாமஸ் டிரேக், அதே என்எஸ்ஏயில் உயர் அதிகாரி. ஒரு கண்காணிப்புத் திட்டம் பற்றி உள்ளேயே முறைப்படி புகார் செய்தார், தணிக்கை அதிகாரிகளிடமும் போனார். ஒன்றும் நடக்காமல்தான் பிறகு ஒரு செய்தியாளரிடம் பேசினார். 2010-இல் அவர் மேல் 10 குற்றச்சாட்டுகள், உளவுச் சட்டமும் சேர்த்து. கடைசியில் 2011-இல் எல்லாம் கரைந்து, கணினியை அனுமதி மீறிப் பயன்படுத்தினார் என்ற ஒரு சிறு குற்றம் மட்டும் மிஞ்சியது. ஒரு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 240 மணி நேரம் சமூக சேவை. அதற்குள் வேலை போய்விட்டது, வாழ்க்கை தலைகீழாகிவிட்டது. ஸ்னோடன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோ நிரந்தர ஊழியர்கூட இல்லை, ஒப்பந்த நிறுவனத்தின் ஆள்.

"சரி, திரும்பிப் போய் நீதிமன்றத்தில் சொல்லட்டும்" என்றால், அங்கே ஏன் செய்தேன் என்று சொல்ல முடியாது. எல்ஸ்பெர்க்கின் வழக்கில் அவருடைய வழக்கறிஞரே, எதற்காக நகலெடுத்தீர்கள் என்று கேட்டபோது, அந்தக் கேள்வி வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது, நீதிபதி ஏற்றுக்கொண்டார். காரணத்தை ஜூரி கேட்கலாம் என்று உறுதி கொடுத்தால் வருகிறேன் என்று ஸ்னோடன் பலமுறை சொல்லியிருக்கிறார்.

2 ஜூலை 2023

இரண்டு வாரமாக நான் ஒரே பக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி இழையைப் படித்துவிட்டு, "அந்த 14,200 பேரை மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

மறக்கவில்லை, தள்ளி வைத்திருந்தேன். 2019 ஜனவரி 28. எச்ஐவி தொற்றுள்ள 14,200 பேரின் பெயர், அடையாள எண், முகவரி, தொலைபேசி எண் இணையத்தில் கசிந்துவிட்டதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. 5,400 பேர் சிங்கப்பூரர்கள், 8,800 பேர் வெளிநாட்டினர். வெளியிட்ட அமெரிக்கர், அரசாங்கம் தனக்கு அநியாயம் செய்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பட்டியலில் எங்களுக்கு வேண்டிய ஒருவர் இருந்தார். அமைச்சிலிருந்து அழைப்பு வந்த அன்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, விளக்கைக்கூடப் போட விடாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தார். இரவு 2 மணி வரை. வேலையிடத்தில் தெரிந்தால், பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும் இடத்தில் தெரிந்தால் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதுவும் அரசு ரகசியம்தான். அதைக் கசியவிட்டவனை என்னால் எந்தக் காலத்திலும் மன்னிக்க முடியாது.

ஆக, ரகசியத்தை உடைத்தாரா என்று மட்டும் கேட்டால் ஸ்னோடனும் அந்த ஆளும் ஒரே தட்டில் வருவார்கள். வரக் கூடாது என்று என் மனம் அடித்துச் சொல்கிறது. யாருக்காகக் காத்த ரகசியம், யாரிடமிருந்து மறைத்த ரகசியம் என்று கேட்க வேண்டும். எச்ஐவி பட்டியலை அரசு அந்த 14,200 பேருக்காகக் காத்தது. வெரைசன் உத்தரவை, யாருடைய பதிவுகளை எடுத்தார்களோ அவர்களிடமிருந்தே மறைத்தது.

9 ஜூலை 2023

நான் கப்பல் பட்டறை என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் கேட்டார்கள். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

2009. நான் அங்கே ஸ்டோரும் சேஃப்டி ரெஜிஸ்டரும் பார்த்தேன். அந்தக் காலத்து விதி, காயம்பட்ட தொழிலாளிக்கு 3 நாளுக்கு மேல் எம்சி என்ற மருத்துவ விடுப்பு கிடைத்தாலோ, 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருந்தாலோ முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் எங்கள் இடத்தில் யாருக்கு அடிபட்டாலும் வழக்கமாகப் போகும் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போவார்கள். 2 நாள் எம்சி, பிறகு லைட் டியூட்டி. கணக்கில் விபத்தே இருக்காது. சிவகங்கைப் பக்கத்துத் தம்பி ஒருவனுக்குத் தகடு விழுந்து வலது கையில் 2 விரல் நசுங்கியது. அவனுக்கும் 2 நாள். மூன்றாம் நாள் கட்டுப் போட்ட கையோடு ஸ்டோரில் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள், போல்ட் எண்ணச் சொல்லி. இடது கையால் எண்ணினான்.

ரெஜிஸ்டரில் சிறு கீறல் என்று எழுதச் சொன்னார்கள். நான்தான் எழுதினேன்.

அரியலூர்க்காரர் ஒருவர், வெல்டர், என்னைவிட 5 வயது சின்னவர். அந்தப் பக்கத்தையும் கிளினிக் சீட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து அமைச்சுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதிகாரிகள் வந்தார்கள். வேலை நிறுத்த உத்தரவு, 2 வாரம். முதலாளி எங்களைக் கூட்டி வைத்து, உள்ளே இருந்துகொண்டே கம்பெனியைக் காட்டிக்கொடுத்த துரோகி என்றார். அதுகூடப் பரவாயில்லை. 2 வார ஓவர்டைம் போனதும் தொழிலாளர் விடுதியான டார்மில் இருந்த நம் ஆட்களே அவரை எட்டப்பன் என்றார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள், அவர்கள் கோபத்திலும் காரணம் இருந்தது. கேண்டீனில் அவர் வந்து உட்கார்ந்தால் மேசை காலியாகும். நானும் ஒரு நாள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பாட்டைப் பிசைந்தார். ஒரு மாதத்தில் வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

இழையின் முதல் கேள்வியில் எட்டப்பன் என்ற சொல்லைப் பார்த்தபோது எனக்கு ஸ்னோடன் ஞாபகம் வரவில்லை. அந்தத் தட்டுதான் ஞாபகம் வந்தது.

10 ஜூலை 2023

"அது தனியார் கம்பெனி, தேசப் பாதுகாப்பு இல்லை" என்கிறார் இழையைத் தொடங்கியவர். ஒத்துக்கொள்கிறேன், அளவு வேறு. பெயர் வைக்கும் விதம் ஒன்றுதான்.

16 ஜூலை 2023

ஸ்னோடன் விஷயத்தில் எனக்கு ஒட்டாத பகுதியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது.

ஹாங்காங்கில் இருந்தபோது அங்குள்ள பத்திரிகையிடம், சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகக் கணினிகளிலும் சீனக் கைப்பேசி நிறுவனங்களிலும் அமெரிக்கா ஊடுருவியதைச் சொன்னார். ஒரு நாடு இன்னொரு நாட்டை வேவு பார்ப்பது உலக வழக்கம், அதில் தன் மக்களின் உரிமை எங்கே பறிபோனது? நான் 2 ஜூலை அன்று எழுதிய கேள்வியை இங்கே வைத்துப் பார்த்தால் பதில் அவருக்குச் சாதகமாக இல்லை. அந்த ரகசியத்தை அமெரிக்க அரசு தன் மக்களுக்காகக் காத்தது என்று சொல்ல இடம் இருக்கிறது.

ரஷ்யா இன்னும் கசக்கிறது. மாஸ்கோவில் இறங்கியபோது அமெரிக்கா அவருடைய கடப்பிதழை ரத்து செய்திருந்தது, விமான நிலையத்திலேயே 39 நாள் கிடந்தார். அவர் தேர்ந்தெடுத்த ஊர் அல்ல. அதுவரை சரி. 2022 செப்டம்பரில், உக்ரேன் போர் நடக்கும்போது, ரஷ்யக் குடியுரிமை வாங்கினார். பிள்ளைகளோடு பிரியாமல் இருக்க என்றார். அப்பனாக எனக்குப் புரிகிறது. இருந்தாலும் ஒட்டுக்கேட்பதை எதிர்த்து எல்லாவற்றையும் இழந்த மனிதர் அந்த அரசின் நிழலில் பேச்சைக் குறைத்துக்கொண்டு வாழ்வதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

விபீஷணனா கும்பகர்ணனா என்று பள்ளிக்கூடத்தில் பட்டிமன்றம் வைப்பார்கள். நான் எப்போதும் கும்பகர்ணன் அணி. தப்பு என்று தெரிந்தும் அண்ணன் சோற்றுக்காக உயிரைக் கொடுத்தவன், கைதட்டல் நிச்சயம். இந்த வயதில் விபீஷணன் பக்கம் சாய்கிறேன். ஆனால் அவனும் சபையில் அண்ணனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனான், போன இடத்தில் இலங்கையின் ரகசியங்களைச் சொல்லவும் செய்தான், பட்டமும் கட்டிக்கொண்டான். எல்லாம் கலந்துதான் இருக்கிறது.

24 ஆகஸ்ட் 2023

அதிபர் தேர்தல் வந்ததும் இழை வேறு பக்கம் போய்விட்டது. வேட்பாளர் தர்மன் சண்முகரத்னத்தின் பழைய வழக்கை யாரோ இங்கே கொண்டுவந்து, "அவரும் ரகசியத்தைக் கசியவிட்டவர்தானே" என்று போட்டிருக்கிறார்கள். இது தவறு, திருத்த வேண்டும்.

1992-இல் பிஸ்னஸ் டைம்ஸ் நாளிதழ், அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டுப் பொருளாதார வளர்ச்சி 4.6 விழுக்காடு என்ற மதிப்பீட்டை அதிகாரபூர்வமாக அறிவிப்பதற்கு முன்பே போட்டுவிட்டது. அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தின் கீழ் 5 பேர் மீது வழக்கு. நாணய வாரியத்தில் இருந்த தர்மன், நாளிதழின் ஆசிரியர், செய்தியாளர், 2 பொருளியலாளர்கள். 1994-இல் தீர்ப்பு. தர்மன் அந்த எண்ணைச் சொன்னார் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. ரகசியத்துக்கு ஆபத்து வரும்படி கவனக்குறைவாக இருந்தார் என்று 1,500 வெள்ளி அபராதம் விதித்தார்கள். அதற்குப் பிறகு அமைச்சர், துணைப் பிரதமர், மூத்த அமைச்சர் எல்லாம் ஆனார்.

எனக்கு இதில் தோன்றுவது வேறு. அந்தச் சட்டத்தின் கை எவ்வளவு அகலம் பாருங்கள். வளர்ச்சி விகிதமும் அதில் வருகிறது, எச்ஐவி பட்டியலும் வருகிறது, ராணுவ முகாமும் வருகிறது. கோவிட் நேரத்தில் அன்றைய தொற்று எண்ணிக்கையை அறிவிப்புக்கு முன் நண்பர்களுக்கு அனுப்பிய அரசு ஊழியர் மீதும் அதே சட்டம்தான். அமெரிக்காவிலும் அப்படித்தான். ஏப்ரலில் பிடிபட்ட 21 வயது விமானப்படைப் பையன் ஜேக் டெஷேரா, டிஸ்கார்டில் தோழர்களோடு பேசும் குழுவில் ராணுவ ஆவணங்களைப் போட்டதாகக் குற்றச்சாட்டு. ஆவணங்களை வீட்டில் வைத்திருந்ததாக டிரம்ப் மீது ஜூனில் வழக்கு. இரண்டிலும் எல்ஸ்பெர்க் மீது போட்ட அதே 1917 சட்டம். காரணத்தைக் கேட்காத சட்டத்துக்கு இவர்களெல்லாம் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

2 செப்டம்பர் 2023

தர்மனுக்கு 70.4 விழுக்காடு. எங்கள் புளோக் கீழே காப்பிக்கடையில் நள்ளிரவு தாண்டியும் கூட்டம் கலையவில்லை.

நேற்று வாக்களிக்க வரிசையில் நிற்கும்போது, கோவிட் நேரத்தில் யார் யார் அருகில் இருந்தோம் என்று பதிந்த சிறு கருவியான டிரேஸ்டுகெதர் டோக்கன் ஞாபகம் வந்தது. தொற்றுத் தடம் காண மட்டும் என்று சொன்னார்கள், என் மாமியார் சாமி அறை ஆணியில் மாட்டி வைத்து, வெளியே போகும்போது கும்பிட்டு எடுத்துப் போவார். 2021 ஜனவரி 4-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் ஒரு கேள்விக்குப் பதிலாக, குற்றவியல் விசாரணைக்குக் காவல்துறையும் அந்தத் தகவலைக் கேட்டு வாங்க முடியும் என்று தெரிந்தது. ஊரே கொதித்தது, எனக்கும் கோபம். அமைச்சர் மன்றத்திலேயே ஒத்துக்கொண்டார், பிப்ரவரி 2-ஆம் தேதி 7 வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள்.

கோபம் தணிந்த பிறகு ஒன்று தோன்றியது. வைடன் கேட்டது போலவே இங்கேயும் ஒரு கேள்வி. அங்கே "இல்லை ஐயா" என்று பதில் வந்தது, இங்கே "முடியும்" என்று வந்தது. கேட்ட இடத்தில் உண்மையைச் சொன்னதால் நமக்கு ஸ்னோடன் தேவைப்படவில்லை. அன்று கிளாப்பர் உண்மையைச் சொல்லியிருந்தால் ஸ்னோடன் ஹவாயிலேயே வேலை பார்த்துக்கொண்டு இருந்திருப்பாரோ என்னவோ.

12 நவம்பர் 2023, தீபாவளி

இழை அடங்கி இரண்டு மாதம் ஆகிவிட்டது, இருந்தாலும் இங்கேதான் எழுத வேண்டும்.

போன வாரம் தேக்காவில் பழைய பட்டறை ஆள் ஒருவரைப் பார்த்தேன். அந்த வெல்டரின் எண் அவரிடம் இருந்தது. நாலு நாள் வைத்திருந்துவிட்டு, இன்று காலை எண்ணெய்க் குளியல் முடித்ததும் அரியலூருக்குக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் பெயரைச் சொன்னார். 14 வருடம் ஆகிறது.

நான் கேண்டீன் விஷயத்தைச் சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்ததை, ரெஜிஸ்டரில் எழுதியது என் கை என்பதை. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பட்டாசுச் சத்தம் மட்டும் கேட்டது. "அது உங்க கையெழுத்துன்னு எனக்கு அப்பவே தெரியும்ணே. படம் எடுக்கும்போது உங்க பேரு வர்ற இடத்த விரலால மறைச்சுதான் எடுத்தேன்" என்றார்.

எனக்கு இது தெரியாது. இவ்வளவு வருடமும் தெரியாது. அன்று விசாரணையில் என்னை யாரும் கூப்பிடவில்லை, நான் தப்பித்தது அதிர்ஷ்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவர், "அந்தத் தம்பிக்கு விரலு மடங்குதாண்ணே?" என்று கேட்டார். தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

அந்தத் தம்பி 2009-இல் துவாஸில் வேலை பார்த்தவர், சிவகங்கைப் பக்கம், வலது கையில் நடு விரலும் மோதிர விரலும். இப்போது 35, 36 வயது இருக்கும். யாருக்காவது தொடர்பு இருந்தால் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள். பெயரை இங்கே போட வேண்டாம்.